உன் தோளும் என் சாவிக்கொத்தும்

அன்புள்ள ஜெயசீலிக்கு,

கொஞ்ச நேரம் யோசித்துத்தான் ‘அன்புள்ள’ என்று எழுதினேன். உன்னை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது பொறாமைதான். ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தவர்கள் நாம். நான் மூத்தவருக்கு, நீ இளையவருக்கு. முப்பது வருஷம் நீ என்னை வாய் நிறைய அக்கா என்றாய். நானோ உன்னை ஊரில் எல்லோரிடமும் ‘கொழுந்தனார் வீட்டுக்காரி’ என்றே சொல்லி வந்தேன்.

நம் சபையில் நான் செய்யாத வேலை எது, நீயே சொல். பாடகர் குழு, பெண்கள் சங்கம், ஓய்வுநாள் பள்ளி, அறுவடைப் பண்டிகை ஏலம், பீடத்துப் பூ, மைக் செட் என்று ஆறு வேலை; இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். நீ ஒன்றே ஒன்று செய்தாய். ஞாயிற்றுக்கிழமை மணி அடித்ததும் செருப்பு விடும் இடத்தில் நின்று, வருகிற பெண்களின் கையிலிருந்து குழந்தைகளை வாங்கிக்கொள்வாய். ஆராதனை முடியும் வரை தகரக் கொட்டகையில் அவர்களைத் தோளில் போட்டு நடப்பாய். ஆறு நாள் சிப்காட் கம்பெனிகளில் கால்கடுக்க நிற்கிறவர்கள் ஏழாம் நாளாவது உட்கார்ந்து ஜெபிக்கட்டும் என்பாய்.

உனக்கு என்னைவிட நல்ல குரல். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. போதகர் உன்னைப் பாடகர் குழுவுக்குக் கூப்பிட்டபோது நீ மாட்டேன் என்றாய். நான் வெளியே முகத்தைச் சுளித்தேன், உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில், ஒரு வேலைக்கு மேல் உனக்கு உடம்பு வணங்காதா என்று குத்தலாகக் கேட்டேன்.

“கர்த்தர் எனக்குக் குடுத்தது இது ஒண்ணுதாங்க்கா. இத உட்டுட்டு அதுக்குப் போனா ரெண்டும் கெட்டுப்பூடும்” என்றாய். அதோடு விட்டாயா? “உனக்கு இன்னா குடுத்தாருன்னு கேட்டுப் பாத்தியாக்கா? கன்னிம்மா உன்னத்தான் தேடிக்கினு கீது.”

கன்னிம்மா, பைபிளில் ஒரு சங்கீதத்தையாவது சாகும் முன் தானே வாசிக்க வேண்டும் என்று வந்தவள். சின்ன வயதிலிருந்து கழனி வேலை, பிறகு கம்பெனியில் துப்புரவு வேலை, பள்ளிக்கூடமே போனதில்லை. ஞாயிறு சாயங்காலம் பின்னறையில் கரும்பலகை வைத்து அவளுக்கும் இன்னும் நாலு பெண்களுக்கும் எழுத்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலைகள் சேரச் சேர அந்த அறையைப் பூட்டிவிட்டேன். நீ அதைச் சொல்லிக் காட்டியதற்கு இரண்டு மாதம் உன்னோடு பேசவில்லை. எனக்குப் புத்தி சொல்ல நீ யார் என்று இருந்தது.

உன் அடக்கத்துக்கு நாற்காலி, டீ, மைக், வண்டி எல்லாம் நான்தான் ஏற்பாடு செய்தேன். எளாவூரிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் பிள்ளைகள் ஷிப்ட் முடிந்த யூனிபார்மோடு அப்படியே வந்து நின்றார்கள். எல்லாம் நான் வசனம் மனப்பாடம் பண்ண வைத்த பிள்ளைகள். எனக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு உன்னிடம் போய் அழுதார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் மகன் டேனியல் உன் பெட்டியை விட்டு நகரவே இல்லை. பெற்றவள் குத்துக்கல்லாட்டம் நான் இருக்கும்போது உனக்கென்னடா அப்படி ஒரு அழுகை என்று வீட்டில் கேட்டேன்.

“சின்ன வயசுல சர்ச்சுன்னா எனக்கு சின்னம்மா தோளுதாம்மா. நீ மைக்குல இருப்ப” என்றான்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சட்டையை மடித்துக்கொண்டே சொன்னான்.

அடுத்த ஞாயிறு உன் இடத்தில் போய் நின்றேன், ஏழாவது வேலையாக. செத்துப்போனவளோடும் போட்டியா என்று நீ சிரிப்பாய். பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்யும் பிரியா தன் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். உடனே பூக்காரர் போன் செய்தார். அதை வைப்பதற்குள் மைக் செட்காரர். குழந்தை வீறிட்டது, நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே தட்டிக் கொடுத்தேன். பிரசங்கம் தொடங்கும் முன்பே பிரியா எழுந்து வந்துவிட்டாள். “பரவால்ல ஆன்ட்டி, உங்களுக்கு ஆயிரம் வேல இருக்குது” என்று மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டாள். குழந்தையின் தொடையில் என் சாவிக்கொத்து அழுந்திச் சிவந்திருந்தது.

அன்றைக்கே கொத்தைக் கொண்டுபோய்ப் போதகர் மேஜையில் வைத்தேன். அவர் பதறிப்போய், ஒன்றையாவது வைத்துக்கொள்ளுங்கம்மா என்றார். பீரோ சாவி, பாட்டு அறைச் சாவி எல்லாவற்றையும் தாண்டிப் போய் என் கை பின்னறைச் சாவியை எடுத்தது. இவ்வளவு நாளும் கை அறிந்தது எனக்குத் தெரியாமல் போனதா, இல்லை தெரியாத மாதிரி இருந்தேனா?

கன்னிம்மா இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறாள். “இன்னாம்மா, தொறக்க மனசு வந்துச்சா?” என்று மட்டும் கேட்டாள். போன வாரம் முதல் வரியை விரல் வைத்துத் தானே படித்தாள். அன்றைக்கு ஒரு மணி நேரம் போனதே எனக்குத் தெரியவில்லை.

உன் இடத்தில் இப்போது யார் நிற்கிறார்கள் தெரியுமா? என் டேனியல். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, இரும்புப் பட்டறையில் காய்ப்புக் காய்த்த கையால் குழந்தைகளை வாங்குகிறான். என்னிடம் அலறிய அதே பிரியா குழந்தை அவன் தோளில் தூங்குகிறது. பெற்றது நான், அவன் உன்னைப் போல வந்து நிற்கிறான். வயிறு எரிகிறதடி, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் தள்ளுடா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல ஒவ்வொரு வாரமும் வாய் வரை வருகிறது.

சொல்ல மாட்டேன். அந்த இடத்தை அவனிடமிருந்து பிடுங்க மாட்டேன். கன்னிம்மா அந்தச் சங்கீதத்தை முடிக்கும் வரை பின்னறையைப் பூட்டவும் மாட்டேன். இந்த இரண்டுதான் உனக்கு என் வாக்கு, மூன்றாவதாக எதையும் கேட்டுவிடாதே.

பொறாமை இன்னும் தீராத
உன் அக்கா,
ரோஸ்லின்