ஜெப நேரத்தில் பிடுங்கிய ரூட்டர்

செவ்வாய்க்கிழமை, ராத்திரி.

இன்னும் தூக்கம் வரவில்லை. எல்லாம் கோபம்தான்.

பெங்களூர்க் கம்பெனிக்காரர்கள் கடைசி நேர்காணலைச் சாயங்காலம் ஏழு மணிக்கு வைத்திருந்தார்கள். குடும்ப ஜெபத்துக்குக் கொஞ்சம் பிந்தி வருவேன் என்று மாமாவிடம் காலையிலேயே சொன்னேன். தலையாட்டினார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பில் எல்லோருடைய முகமும் அப்படியே நின்றுவிட்டது. ஹாலுக்கு ஓடினால், மாமா ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்திருக்கிறார்.

“பிள்ளைகளு ஜெபத்துலயும் போன நோண்டிட்டு இருக்கு மக்ளே. அதான் வை-பைய நிறுத்தினேன். உனக்க லேப்டாப்பு வயருல ஓடுகுன்னு நீதானே சொன்ன?”

“அந்த வயரே இந்தப் பெட்டியிலயிருந்துதான் வருது மாமா.”

திரும்பச் சொருகினேன். ரூட்டரில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து முடிவதற்குள் கம்பெனிக்காரர்கள் நேர்காணலை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கும் இந்த வீட்டுக்குள் போனுக்குச் சிக்னலும் கிடையாது.

மாமாவையாவது விடலாம். அவர் மகன், என்னைக் கட்டிய ஜெபினுக்கு, ரூட்டர் நின்றால் வயரிலும் நெட் வராது என்று நன்றாகவே தெரியும். பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். கேட்டால், “ஜெபம் முடிஞ்ச பிறகு பேசலாம்லா” என்கிறார். அவருக்கு ஆபீஸ் மீட்டிங் இருந்தால் மட்டும் ஜெபம் எட்டு மணிக்குத் தள்ளிப்போகும்.

பிறகு என்னையும் பாயில் உட்கார வைத்தார்கள். மாமா கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தார்.

“கர்த்தாவே, எனக்க மருமகளுக்கு நல்ல ஒரு வேலையக் கட்டளையிட்டருளும்.”

எல்லோரும் ஆமென் என்றார்கள். ஜெபினுடைய ஆமென்தான் எல்லாவற்றையும்விடச் சத்தமாக இருந்தது.