நிலாவெளியில் எடுத்த அம்பர்

செவ்வாய்க்கிழமை, இரவு.

சீ! எத்தனை தரம் கழுவியும் கை நாறுகிறது. நிலாவெளிக் கரையில் நான் எடுத்த, அத்தருக்கும் மருந்துக்கும் பொன் விலை போகும் அம்பர்க் கட்டியை, என் கண்முன்னேதான் திமிங்கிலம் கக்கியது என்று கிண்ணியா முழுக்கச் சொல்லியிருந்தேன். கம்பஸ் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் தங்கையின் மகள் நஸ்ரின் அதில் லேசர் அடித்து, திரும்பி வந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தாள்.

"மாமா, இது அம்பர் இல்ல. கப்பல் குசினியில சமையல் சட்டி கழுவி ஊத்தின கொழுப்பு."

"உன்ட லேசருக்குத் தடிமன் பிடிச்சு மூக்கடைச்சிருக்கும் மகள்."

சொன்னேனே தவிர, கை கழுவ ஓடினேன். வெள்ளிக்கிழமைகளில் அதைக் காதுக்குப் பின்னால் பூசித்தான் ஜும்மா தொழப் பள்ளிக்குப் போனேன். பாலில் கரைத்துக் குடிக்கச் சம்பந்திக்கும் ஒரு துண்டு கொடுத்திருந்தேன். உண்மையைச் சொல்லத்தான் அவருக்குப் போனில் கோல் எடுத்தேன்.

"மச்சான், உடம்பு இளந்தாரி மாதிரிக் கிடக்கு! இன்னொரு துண்டு தாங்க."

ஓம், தாறேன் என்றுதான் வாயில் வந்தது. கட்டியைத் திரும்பவும் அலுமாரியில் வைத்திருக்கிறேன். சீ!