மிதிக்க ஆளில்லாத ஆக்சிலேட்டர்

என் வீட்டு முதலாளியம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முதுகுவலி எப்படி இருக்கு? அம்மா மாத்திரையை ஒழுங்காப் போடுறாங்களா?

நேத்து இங்க ஒர்க்‌ஷாப்புல ஒரு கூத்து. டீச்சர் ஒருத்தங்களோட பழைய கார், மேட்டுல இழுக்கலைன்னு வந்தது. பிளக்கையெல்லாம் கழட்டி, அழுத்தம் காட்டுற கேஜை மாட்டி, ஸ்டார்ட்டர் ஸ்விட்சைக் கையில வச்சு இன்ஜினைச் சுத்தவிட்டு கம்ப்ரஷன் பார்த்தேன். நாலு சிலிண்டர்லயும் அழுத்தம் படுத்துக்கிடந்தது.

"இன்ஜின் போச்சு டீச்சர்"னு சொல்லிட்டேன். அவங்க முகம் வாடிப்போச்சு. அப்புறம் மெதுவா கேட்டாங்க: "உள்ள யாருமே இல்லையே தம்பி, யாரை 'மிதிம்மா, மிதிம்மா'ன்னு சொன்னீங்க?"

அப்பதான் உறைச்சது. ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சாத்தானே சிலிண்டருக்குக் காத்து போகும்? நம்ம ஊர் ஷெட்ல கார் சீட்ல உட்கார்ந்து மிதிக்கிறவ நீயாச்சே. பழக்கதோஷம்!

கட்டையை முட்டுக்கொடுத்துத் திரும்பப் பார்த்தேன். மூணு ஜோரா இருக்கு, ஒண்ணுலதான் குறை. டீச்சர் சிரிச்சிட்டாங்க. ஃபோர்மேன்தான் இன்னும் முறைக்கிறார்.

பார்சல் அனுப்பினா ரெண்டு பழைய பனியன் வை, கை துடைக்க. அப்புறம், "மிதிச்சாச்சுங்க, போதுமா?"ன்னு நீ கேப்பியே, அதைப் போன்ல பதிவு பண்ணி அனுப்பு. வேலைக்குத்தான், வேற ஒண்ணுமில்லை.

சாப்பாட்டு நேரம் முடிஞ்சிடுச்சு, ஃபோர்மேன் கூப்பிடுறார்.

காகிதத்துல கிரீஸ் கறை, கோவிச்சுக்காதே.

உன் அவசரக்காரன்