அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை

சேசு மரி சூசை

ராயபுரம், கல்மண்டபம்,
1928 ஜனவரி 16, திங்கள்.

மதிப்பிற்குரிய தகப்பனார் அவர்கள் சமுகத்துக்கு மகள் அமலோற்பவம் பணிவுடன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். ரங்கோனில் தங்கள் சுகத்துக்கும், முக்கியமாகத் தங்கள் இருமலுக்கும் பதில் எழுதுவிக்க வேண்டியது. வீட்டில் நைனா என்று கூப்பிட்டாலும் கடிதத்தில் அப்படி எழுதுவது அழகல்ல என்று பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் சொன்னார்கள். ஆகையால் இனிமேல் தகப்பனார் என்றே எழுதுவேன்.

லியாகத் அலி மாமா கையால் தாங்கள் எழுதுவித்த கடிதம் வந்தது. அரிசி மில் துரை தங்களைக் கிடங்குக் காவலுக்கு நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சம்மதித்திருப்பதும், அதற்குச் சொந்த ஊர்ப் போலீசார் 'இவர்மேல் குற்றம் ஒன்றும் இல்லை' என்று தரும் சர்டிபிகேட் வேண்டுமென்று கேட்பதும், ஈஸ்டருக்குள் அது வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்பதும் அறிந்தோம். அந்த வேலை போனால் தாங்கள் மறுபடி துறைமுகத்தில் கரி அள்ளத்தான் போக வேண்டும் என்று படித்ததும் அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள். 'அந்த நெஞ்ச வெச்சிகினு இன்னும் கரியா' என்று மட்டும் சொன்னார்கள். அன்று சோறு குழைந்துவிட்டது.

மனுவை நானே எழுதினேன். மூன்று தரம் எழுதிக் கிழித்து நாலாவதாக எழுதியதை சிஸ்டர் பார்த்து, ஒரு றகரம் மட்டும் திருத்தினார்கள். 'சவரிமுத்து குமாரர் அருள்பிரகாசம்' என்று தங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியபோது, இத்தனை அழகான பெயரை ஏன் ஒருவரும் கூப்பிடுவதில்லை என்று தோன்றியது. பெரிய போலீஸ் ஆபீசில் வாங்கிக்கொண்ட குமாஸ்தா, டேஷனிலிருந்து ஆள் வந்து தெருவில் விசாரிப்பார் என்றார். இந்தச் சங்கதி கைக்கு வரும்வரை சந்தில் ஒருவரிடமும் மூச்சு விடக்கூடாது, கண் பட்டுவிடும் என்று அம்மா உத்தரவு. அம்மா மிளகாய்க் கிடங்கு வேலைக்குத் தண்டையார்பேட்டை போய் வருவது வழக்கம்போல. இரவெல்லாம் தும்முகிறார்கள்.

இன்னொரு விஷயம். உறையின்மேல் 'கரி அருளு வீடு' என்று இனி எழுதுவிக்க வேண்டாம். தபால்காரர் குழாயடியிலிருந்தே அதைக் கூவிக்கொண்டு வருகிறார். என்னுடன் இரண்டாம் பாரம் படிக்கும் பிலோமி அந்த வழியாகத்தான் போகிறாள். அவள் தகப்பனார் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. 'அருள்பிரகாசம் அவர்கள் வீடு' என்று எழுதினால் போதும்.

தங்கள் ஆசீரை வேண்டும் கீழ்ப்படிதலுள்ள குமாரத்தி,
அ. அமலோற்பவம்


சேசு மரி சூசை

ராயபுரம்,
1928 பிப்ரவரி 6, திங்கள்.

தகப்பனார் அவர்களுக்கு மகள் எழுதுவது. நாங்கள் சுகம்.

மனு திரும்பி வந்துவிட்டது. 'மேற்படி சந்தில் விசாரித்ததில் அருள்பிரகாசம் என்ற பெயருடையவர் யாரும் வசித்ததாகத் தெரியவில்லை' என்று அதன் முதுகில் எழுதியிருக்கிறது. நம் சந்து முழுவதற்கும் கதவெண் ஒன்றுதான், குடித்தனம் பதினொன்று என்பது தாங்கள் அறிந்ததே. போன வியாழக்கிழமை சாயங்காலம் கான்ஸ்டபிள் வந்தபோது அம்மா வேலையிலிருந்து திரும்பவில்லை. குழாயடியில் ஆப்பக்காரப் பவுனம்மாளும், குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்த ஜட்கா மஜீதும் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தங்கள் முழுப்பெயர் தெரியவில்லை. பக்கத்துக் குடித்தனத்து மனிதரின் பெயர்கூடத் தெரியாமல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறார்கள். படிப்பில்லாதவர்கள், என்ன சொல்வது.

அம்மா அழுதார்கள். மறுபடி மனு எழுதுகிறேன். தாங்கள் கவலைப்பட வேண்டாம். பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருப்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

குமாரத்தி,
அமலோற்பவம்


சேசு மரி சூசை

ராயபுரம்,
1928 மார்ச்சு 19,
சூசையப்பர் திருநாள்.

நைனாவுக்கு,

முதலில் நல்ல சேதி. சர்டிபிகேட் கிடைத்துவிட்டது. இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். முத்திரை உடையாமல் இருக்க அம்மா பழைய புடவையில் துண்டு கிழித்துக் கொடுத்தார்கள். புதன்கிழமைத் தபாலில் போனால் ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிடும் என்று தபாலாபீசில் சொன்னார்கள். வந்த அன்றே துரையிடம் கொடுத்துவிடுங்கள்.

இனி எழுதப்போவதை லியாகத் அலி மாமாதான் உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவர் காதிலும் விழும் என்று நினைத்து நினைத்தே ஒரு மாதமாக எழுதாமல் விட்டேன். மாமா, இந்த இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். ஒரு வரியும் தாண்டாமல் நைனாவுக்குப் படியுங்கள்.

நான் போன கடிதத்தில் எழுதியது பொய். பொய்யான வாக்கியம் ஒன்றும் அதில் இல்லை. எழுதாமல் விட்டதுதான் பொய். அதற்கு நீங்கள் போட்ட பதிலில், 'பவுனம்மாவ திட்டாதீங்க, மஜீது நல்லவன், நம்ம அமலு மட்டும் அங்க இருந்திருந்தா டக்குனு சொல்லியிருக்கும்' என்று எழுதுவித்திருந்தீர்கள். அம்மாவுக்கு நான்தான் அதைப் படித்துக் காட்டினேன். அந்த வரி வந்தபோது இருமுவதுபோல இருமிவிட்டு, அதைப் படிக்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

நான் அங்கே இருந்தேன், நைனா.

பள்ளிக்கூடம் விட்டு பிலோமியும் நானும் கைகோத்து வந்துகொண்டிருந்தோம். குழாயடியில் கான்ஸ்டபிள் ஒரு காகிதத்தைப் பிரித்து, 'சவரிமுத்து மகன் அருள்பிரகாசம், யாருபா இங்க' என்று கேட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தில் இருந்தது என் கையெழுத்து. தூரத்திலிருந்தே தெரிந்தது. மஜீது மாமா குதிரையின் முதுகைத் தேய்ப்பதை நிறுத்தாமல், 'அருள்பிரகாசமா? அம்மாம் பெரிய பேருக்கு இந்தச் சந்துல ஏது சார் ஆளு? பங்களா பக்கம் போய் கேளு' என்றார். பவுனம்மா, 'நமக்குத் தெரிலபா' என்று கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள்.

அப்போது அவர் திரும்பி என் கையில் இருந்த புத்தகங்களைப் பார்த்தார். 'தோ, படிக்கிற பொண்ணு கீது. நீ சொல்லு பாப்பா, அருள்பிரகாசம்னு யார்னா கீறாங்களா இங்க' என்றார்.

அந்தச் சந்தில் அந்தப் பெயரை எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நாலு தரம் எழுதியவள். ஆனால் பிலோமியின் கை என் கைக்குள் இருந்தது. நீங்கள் ரங்கோனில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா என்று அவளிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். போலீஸ்காரர் தெருவில் நின்று தேடுகிற மனிதர் என் தகப்பனார் என்று அவளுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள் என்பது ஒன்றுதான் அப்போது என் மனசில் இருந்தது. உங்கள் இருமல் இல்லை, ஈஸ்டர் இல்லை. 'இல்லை ஐயா, அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை' என்று புத்தகத்தில் இருப்பதுபோலத் திருத்தமாகச் சொன்னேன்.

'படிச்ச புள்ள சொன்னா கரீட்டாதான் இருக்கும்' என்று அவர் பென்சிலால் எழுதிக்கொண்டார். மற்றவர்கள் சொன்னதை எழுதவில்லை. நான் சொன்ன பிறகுதான் எழுதினார்.

இதைவிட வெட்கமான காரியம் அப்புறம் நடந்தது. அவரும் பிலோமியும் போனதும் பவுனம்மா ஓடி வந்து என் கன்னத்தை வழித்தார்கள். 'சரியான கில்லாடிடீ நீ. அப்பனைக் காட்டிக் குடுக்கல பாத்தியா' என்றார்கள். பவுனம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, நைனா. 'அருளுன்னு வாய் தொறந்தப்பவே நம்ம கரி அருளுதான்னு புரிஞ்சிபூட்ச்சி. போலீசு வந்து கேட்டு, எவன் கீறான்னு நான் சொல்லிக்கீறேன்? என் வயசுக்கு ஒரு தபா சொன்னதில்ல' என்றார்கள். மஜீது மாமாவும் தலையை ஆட்டினார். அம்மாவும் நானும் சர்டிபிகேட் சங்கதியை மூடி வைத்ததால், அவர்கள் விஷயம் தெரியாமல் உங்களைக் காப்பாற்ற நினைத்து இல்லை என்றார்கள். விஷயம் முழுவதும் தெரிந்த நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள இல்லை என்றேன். அவர்களைத்தான் படிப்பில்லாதவர்கள் என்று உங்களுக்கு எழுதினேன்.

அப்பனைக் காட்டிக் கொடுக்காத பெண் என்று சந்து முழுக்க இன்றுவரை எனக்குப் பெயர். அம்மாகூட, 'புள்ள பயந்துட்ச்சி, அதுக்கு இன்னா தெரியும்' என்கிறார்கள். பவுனம்மா தினம் ஓர் ஆப்பம் சும்மா தருகிறார்கள். அதைத் தின்ன முடியாமல் மஜீது மாமாவின் குதிரைக்குப் போடுகிறேன்.

உங்கள் பதில் வந்த பிறகு அம்மாவும் நானும், பவுனம்மாவும் மஜீது மாமாவும் புது மனுவோடு டேஷனுக்குப் போனோம். ரைட்டர் பக்தவச்சலம் என்பவர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, 'அன்னிக்கு இல்லாத ஆளு இன்னிக்கு எப்படிமா மொளைச்சான்' என்றார். 'காக்கிச் சட்டையப் பாத்தா இல்லன்னுதான் சார் வாய்ல வருது. உங்களைச் சொல்லல, சட்டையைச் சொன்னேன்' என்று மஜீது மாமா சொல்ல, ரைட்டரே சிரித்துவிட்டார். பிறகு, 'யாரோ படிச்ச பொண்ணு சொல்லிச்சாமே, அது யாரு' என்று கேட்டார். பவுனம்மா எனக்கு முன்னால் வந்து நின்று, 'சின்னப் பொண்ணு சார், பயத்துல ஒளறிட்ச்சி' என்றார்கள். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அவர்கள் இருவருக்கும் எழுதத் தெரியாதென்று வாக்குமூலத்தை என்னையே எழுதச் சொன்னார்கள். 'எங்களால் கரி அருளு என்று அழைக்கப்படுகிறவர்' என்று என் கையால் எழுதினேன், அவர்கள் கைநாட்டு வைத்தார்கள். ரைட்டர் தன் தாளில் எழுதிக்கொண்டே, 'அருள்பிரகாசம் எலியாஸ் கரி அருளு' என்று வாய்விட்டுப் படித்தார். நான் எழுந்து, 'ஐயா, எங்கள் தகப்பனாருக்கு எலியாஸ் என்று ஞானஸ்நானப் பெயர் கிடையாது, வேண்டுமானால் கோயில் புஸ்தகத்தில் பாருங்கள்' என்றேன். வேதத்தில் வருகிற எலியாஸ் தீர்க்கதரிசியின் பெயரைத் தப்பாகச் சேர்த்துவிட்டார் என்று நினைத்தேன். டேஷனே சிரித்தது. அது பெயரில்லையாம். இரண்டு பெயர் உள்ள ஆளுக்கு நடுவே இங்கிலீஷில் போடுகிற வார்த்தையாம், என்கிற என்று அர்த்தமாம். சாதாரணமாகக் கேடிகளுக்குத்தான் அதிகம் போடுவார்களாம். அதை மட்டும் எடுத்துவிடக் கூடாதா என்று கேட்டேன். 'எடுக்கலாம் பாப்பா. எடுத்தா உங்க நைனா இந்தத் தெருவுல இல்லாமப் பூடுவாரு' என்றார்.

ஆகையால் நைனா, சர்டிபிகேட்டில் கரி அருளு என்று இங்கிலீஷில் டைப் அடித்திருக்கிறது. துரை அதென்ன என்று கேட்டால் லியாகத் அலி மாமா அவருக்குச் சொல்லட்டும், பதினாறு வருஷம் கப்பலுக்குக் கரி அள்ளிய மனிதர் என்று.

வெள்ளிக்கிழமை பிலோமியிடம் போய், என் தகப்பனார் குமாஸ்தா இல்லை, கரி அருளு என்பவர் அவர்தான் என்றேன். அவள், 'அது தெரியுமே. தபால்காரர்தான் ஒவ்வொரு தபாலுக்கும் கத்துவாரே' என்றாள். அன்று ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்டேன். 'நீயே இல்லைன்னு சொன்னே, நான் எப்படி ஆமான்னு சொல்றது' என்றாள். பிறகு பூகோளப் புத்தகத்தை இரவல் கேட்டாள். கொடுத்தேன்.

இதை எழுதும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, 'எவ்ளோ எழுதுறே, நான் விசாரிச்சேன்னு எழுதினியா' என்கிறார்கள். அம்மா உங்களை விசாரித்தார்கள். கரி வேலைக்குப் போகவே கூடாது, மில் வேலை எப்படியும் கிடைக்கும் என்று சொல்லச் சொன்னார்கள். இது முழுவதையும் இன்று விளக்கேற்றியதும் அம்மாவுக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுவேன். நாளைக்குக் காலையில் பவுனம்மாவிடம் ஆப்பம் வேண்டாமென்று காரணத்தோடு சொல்வேன்.

என்னைத் திட்டி எழுதுவியுங்கள். திட்ட மனசு வராவிட்டாலும் பரவாயில்லை, பதில் மட்டும் போடாமல் இருந்துவிடாதீர்கள். உறையின்மேல் எழுதுவதைப் பற்றி ஜனவரியில் உங்களுக்கு ஒன்று சொல்லியிருந்தேன். அதை மறந்துவிடுங்கள். பழையபடியே எழுதச் சொல்லுங்கள், பெரிய எழுத்தாக. தபால்காரர் குழாயடியிலிருந்து கூவட்டும். நான் சந்து முனைக்கு வந்து நின்று வாங்கிக்கொள்கிறேன்.

கரி அருளு மகள்,
அமலு