அந்த வளைவில் நான் வாய் திறக்கவில்லை

மாமா,

நேற்றுக் காலை பெரம்பலூரில் அக்கா வீட்டில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர். மெக்கானிக் பேரிங்கை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பெரம்பலூர் மறந்துபோனது. நம் சரக்கு விமானத்தின் முன்னறை. இடப்பக்கம் விமானியாக நீங்கள், வலப்பக்கம் துணை விமானியாக நான். நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. உங்கள் மேலும், என் மேலும்.

உறவென்று தெரிந்தால் மேலதிகாரி நம்மைச் சேர்ந்து பறக்க விடமாட்டார் என்று, நான் உங்கள் மச்சினன் என்பதையே ஆபீசில் மறைத்தீர்கள். "ஒரே ஊரு பக்கம்னு மட்டும் சொல்லு மாப்ள, போதும்" என்றீர்கள். அதுதான் முதல் தப்பு. அக்கா கல்யாணத்தன்றே எங்கள் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, "அவர எதுத்து ஒரு வார்த்த பேசிடாத. அங்க வாழப்போறது உங்க அக்கா" என்று சொல்லியிருந்தார். திருமானூர்ப் பக்கம் பெண் கொடுத்த எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை நான் ஆகாயம் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம். உங்கள் மகளுக்குக் கல்லங்குறிச்சிக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால் இரண்டு பேருமே லீவு வாங்கியிருந்தோம். மறுநாள் ரயில் ஏறினால் அரியலூரில் இறங்கி நேரே கோயிலுக்குப் போய்விடலாம். அதற்கு முன்னால் ஒரே ஒரு நடை. வடக்கே, பனிமலைக்கு நடுவில் இருந்த ஓடுதளத்தில் வெங்காய மூட்டையையும் மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களையும் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும்.

மூடுபனியால் கிளம்பவே தாமதம். நாம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறி, பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிட்டது. அந்த ஓடுதளத்துக்கு ஒரு வழிதான். ஆற்றின் வளைவு வரைக்கும் திரும்பிக்கொள்ளலாம். வளைவைத் தாண்டிவிட்டால் எதிரே மலைச்சுவர், இறங்கித்தான் ஆக வேண்டும். வளைவுக்குள் வேகமும் உயரமும் அடங்காவிட்டால், திரும்பிவிடச் சொல்லி உரக்கக் குரல் கொடுப்பது துணை விமானியின் வேலை. என் வேலை.

அடங்கவே இல்லை. உயரம் அதிகம். அதைக் குறைக்க மூக்கைத் தாழ்த்தினீர்கள், வேகம் ஏறியது. வேகத்தைக் குறைத்தால் உயரம் மிஞ்சியது. போதாததற்குப் பின்காற்று வேறு தள்ளியது. வேகமானியின் முள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாய் வரைக்கும் வந்தது மாமா. உங்கள் முகத்தைப் பார்த்தேன். "உக்காந்துடும் மாப்ள, உக்காந்துடும்" என்றீர்கள். நான் "சரிங்க மாமா" என்றேன். வளைவு பின்னால் போய்விட்டது.

பாதி ஓடுதளத்துக்கு மேல் போன பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. இரண்டு பேரும் சேர்ந்து பிரேக்கை மிதித்தோம். தளத்தின் கோடியைத் தாண்டிக் கல்லில் ஏறி, முன்சக்கரம் ஒடிந்து நின்றோம். யாருக்கும் உயிர் போகவில்லை. உங்கள் முழங்கால்தான் நொறுங்கியது. காதுகுத்துக்கு நாம் இரண்டு பேருமே போகவில்லை.

விசாரணையில் முதலில் உங்களைக் கேட்டார்கள். துணை விமானி எச்சரித்தார், நான்தான் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். அதை எனக்குப் படித்துக்காட்டி, சரிதானா என்றார்கள். "ஆமா சார்" என்றேன். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு பேரும் வூட்டுல உக்காந்தா உங்க அக்கா யாருக்குன்னு அழுவா? நீ போயி பற மாப்ள. அவகிட்டயும் சொல்லிடாத. தம்பியாச்சும் நல்லவனா இருந்துட்டுப் போவட்டும்" என்றீர்கள். அப்போதும் எனக்கு எதிர்த்துப் பேச வரவில்லை.

நான் ஓய்வு வயது வரைக்கும் பறந்தேன். நீங்கள் காலை இழுத்துக்கொண்டு பெரம்பலூரில் பருத்திக்காடு பார்த்தீர்கள். ஒவ்வொரு லீவுக்கும் வருவேன். சோற்றைப் போட்டுக்கொண்டே அக்கா ஆரம்பிப்பாள். "என் தம்பி அவ்வளவு சொன்னானே, கேட்டீங்களா? வீம்பு! கேட்டிருந்தா இந்தக் காலு நல்லா இருந்திருக்கும்ல?" நீங்கள் ரசத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வீர்கள். ஒரே ஒரு தடவையாவது, அவன் சொல்லலடி என்று சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு அவ்வளவு பெரிய நல்ல பெயரை யார் கேட்டது? உங்கள் பெருந்தன்மையை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது மாமா.

நேற்று மெக்கானிக் போன பிறகு அக்கா அதே பாட்டைத் தொடங்கினாள். "அன்னிக்கு நீ சொன்னத மட்டும் கேட்டிருந்தாருன்னா..." என்னால் முடியவில்லை. "நான் சொல்லவே இல்லக்கா. சரிங்க மாமான்னுதான் சொன்னேன்" என்று போட்டு உடைத்துவிட்டேன். உங்கள் பேச்சை நான் மீறியது அது ஒன்றுதான்.

திட்டுவாள் என்று நின்றேன். அவள் திட்டவில்லை. "இத அவரு இருக்கறப்பவே சொல்லியிருந்தீன்னா, ஒரு வேளச் சோறாவது திட்டாம போட்டிருப்பேனேடா" என்றாள்.