நாலாவது எண்ணிக்கையில் உன் மூச்சு

என் இடப்பக்கத்துத் தனத்துக்கு,

நேற்றுப் பிற்பகல் கண்ணயர்ந்தபோது மறுபடியும் அந்தப் பாட்டு வகுப்புக்குள் இருந்தேன். திருவாரூரில் நாம் படித்த பள்ளியின் மாடி அறை. சன்னலுக்கு வெளியே கதிர் முற்றிய வயல். சுருதிப்பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருந்தது, பாட ஆள் இல்லை. நீ வருவாய் என்று தள்ளி நின்று இடம் விட்டேன். இறந்துபோனவளுக்கு இடம் பிடித்து வைக்கிற பைத்தியம் என்னைத் தவிர யார்?

முதல் நாள் நினைவிருக்கிறதா? பாட்டு டீச்சர் பாட்டே சொல்லித் தரவில்லை. சட்டங்களைத்தான் சொன்னார். வகுப்புக்கு முன் புளியங்காய் தின்னக் கூடாது. வாய் இரண்டு விரல் அகலம் திறக்க வேண்டும். உன் குரல் உனக்கே தனியாகக் கேட்டால் நீ கத்துகிறாய் என்று அர்த்தம். பிறகு ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் கையில் போடவைத்து, நீளமாக ஒரு 'ஸ' பிடிக்கச் சொன்னார். வகுப்பில் இருந்த எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு தீர்ந்துபோயிற்று. நீதான் முதலில் சிரித்தாய்.

"ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்கடி. ஒருத்தி மூச்சு எடுக்கறப்ப இன்னொருத்தி நிறுத்தக் கூடாது," என்றார். இடப்பக்கத்தவள் நாலாவது எண்ணிக்கையில் எடுக்க வேண்டும், வலப்பக்கத்தவள் ஆறில். நீ நாலு, நான் ஆறு. அதன்பின் நம் 'ஸ' அறுந்ததே இல்லை. சில நாள் எது உன் குரல், எது என் குரல் என்று தெரியாமல் மிதந்துகொண்டிருப்பேன். அந்தச் சுகம் பிறகு எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை.

அந்த அறுவடையில் எல்லாம் கெட்டது. உன் அப்பா சங்கத்துக் கொடியோடு எங்கள் வரப்பில் நின்று கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார். மிராசுதாரரான என் அப்பா வெளியூர் ஆட்களை இறக்கினார்.

"ஸ்கூலுக்கு மந்திரி வர்ற விழாவுல அவன் பொண்ணு பக்கத்துல நீ நிக்கப்படாது," என்றார் என்னிடம்.

டீச்சரிடம் போய் இடம் மாற்றிக் கேட்டேன். ஏன் என்று நீ கேட்கவே இல்லை.

விழா மேடையில் உனக்குப் பதில் நம் வகுப்பு ஜமீலா, என் வலப்பக்கம். அவள் ஆறு, அப்படியானால் நான் நாலுக்கு மாறியிருக்க வேண்டும். பழக்கம் விடவில்லை. ஆறில் இருவரும் சேர்ந்து மூச்சு எடுத்தோம். எங்கள் ஓரத்தில் பாட்டு அறுந்தது, மற்றவர்களும் தடுமாறி நின்றார்கள். கூட்டம் சிரித்தது.

"பாட்ட அறுத்தது யாருடி?" என்று மேடைக்குப் பின்னால் டீச்சர் கேட்டார். ஆர்மோனியத்தில் குனிந்திருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. ஜமீலா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் டீச்சர்," என்றாய்.

பாட்டு வகுப்பிலிருந்து உன் பெயரை அடித்தார்கள். அறுவடை முடிந்ததும் உன் குடும்பம் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வேலைக்குப் போய்விட்டது. ஏன் அப்படிச் சொன்னாய் தனம்? முன்வரிசையில் என் அப்பா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தா, என் முகத்தைப் பார்த்தா?

பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில், "இன்னும் பாடுறியா கமலா?" என்று கேட்டாய். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டுப் பந்தியைப் பற்றிப் பேசினேன்.

போன வாரம் உன் மகள்தான் போன் செய்து சொன்னாள், நீ போய்விட்டாய் என்று. அழுகைக்கு நடுவே, "மந்திரி முன்னாடி பாட்டக் கெடுத்தவ நான்தான்னு அம்மாவே சிரிச்சுக்கிட்டு சொல்வாங்க அத்தை," என்றாள். பெற்ற மகளிடமும் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது, தனம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறேன். உன் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, வந்தவர்கள் எல்லோரும் கேட்கச் சொல்வேன், 'பாட்டை அறுத்தது உன் அம்மா இல்லை, நான்' என்று. சொல்லி முடித்தபின் குரல் மிச்சமிருந்தால் அந்த 'ஸ'வைப் பிடிக்கிறேன். நாலாவது எண்ணிக்கையில் நீ மூச்சு எடுத்துக்கொள். நான் நிறுத்த மாட்டேன்.

உன் வலப்பக்கத்துச் சகோதரி,
கமலா