கண்ணாடிக்குள்ள நம்ம மேய்ச்சல் சரிவு

மாமாவுக்கு,

நீங்களும் நம்ம பாப்பாவும் நல்லா இருக்கீங்களா? உங்க முட்டிவலி குறைஞ்சுதா? நான் நல்லாத்தான் இருக்கேன். போன்ல பேசினா கத்திடுவேன்னுதான் எழுதறேன்.

நான் கூட்டித் துடைக்கிற தொம்மலூர் ஆபீஸ் வாசல்ல, இந்த வாரம் பெருசா ஒரு போட்டோவைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்க. பார்த்தா, ஜவ்வாது மலையில நம்ம ஆடு மேஞ்ச சரிவு! கீழே இங்கிலீஷ்ல எழுதியிருந்ததை சூப்பர்வைசர் ஹெலன் அக்கா படிச்சு சொன்னாங்க: "யாருக்கும் பயன்படாம கெடந்த தரிசை நம்ம கம்பெனி காடாக்கியிருக்கு."

யாருக்கும் பயன்படாமலா? நம்ம பதினாலு ஆடும் அங்கதானே மேஞ்சுது? கடுக்கா பொறுக்கி வித்ததும் அங்கதானே? வேலி போட்டு தைலமரம் வச்சாங்க, ஆட்டை வித்தோம். அதனாலதானே நான் இங்க வந்து பக்கெட் தூக்கறேன்?

அதைவிட வயித்தெரிச்சல், போட்டோ ஓரத்துல, நான் எடுத்துக் குடுத்த நீலச் சட்டையில, கையில தைலமரக் கன்னோட சிரிச்சிக்கினு நிக்கிறது நீங்க. ஒரு நாள் கூலின்னு போனீங்களே, எதுக்கு நடறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?

அடுத்த கிராம சபையில எழுந்து, அது எப்படி தரிசுன்னு கேளுங்க. பேச வரலைன்னா இந்தக் காகிதத்தைப் படிங்க.

யாராவது இந்தப் பக்கம் வந்தா ரெண்டு படி சாமை குடுத்தனுப்புங்க. இங்க அரிசிச் சோறு எறங்கல.

ஹெலன் அக்கா கூப்பிடறாங்க, முடிக்கிறேன். தினம் அந்தக் கண்ணாடியைத் துடைக்கணுமாம். இன்னிக்கு உங்க மூஞ்சிய மட்டும் துடைச்சிட்டு, மிச்சத்தை அழுக்காவே விட்டுட்டு வந்துட்டேன்.

உங்க செண்பகம்